எலுமிச்சைப்புல்லும் புல்தைலமும்: மறையூர்ப் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாகக் கேரளத்தின் மறையூர், காந்தளூர் ஏறுகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கடையில், எலுமிச்சைப்புல்லைக் காய்ச்சி எடுத்த புல்தைலப் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். சளிக்கு நல்லது, தலைவலிக்குத் தேய்க்கலாம், தரை துடைக்கலாம், நாலு சொட்டு வெந்நீரில் விட்டுக் குடிக்கலாம் என்று ஒரே மூச்சில் சொல்லி விற்பார்கள். இதில் கடைசியாகச் சொன்னதைச் செய்யவே கூடாது. மற்றவற்றுக்கும் அளவு உண்டு.

முதலில் ஒரு கணக்கு. பச்சைப் புல்லில் தைலம் நூற்றுக்கு 0.3 முதல் 0.5 பங்குதான். நடுவில் 0.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் கஷாயத்துக்குப் போடும் 5 கிராம் பச்சை இலையில் இருக்கும் தைலம் 20 மில்லிகிராம். அதிலும் ஒரு பகுதிதான் தண்ணீரில் இறங்கும். பாட்டிலில் இருந்து விழும் ஒரு சொட்டுத் தைலமோ சுமார் 45 மில்லிகிராம். அதாவது 11 கிராம் புல்லின் முழுச் சத்து. ஒரு டீஸ்பூன் தைலம் என்றால் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட புல். குடிப்பதற்கு இலை, வெளி உபயோகத்துக்குத் தைலம் என்று பிரித்து வைப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

1. கையில் இருப்பது எந்தப் புல் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மலைச்சரிவில் தானாக வளர்வதும் முதுவர், மலைப்புலையர் குடிகளில் அறுத்துத் தைலம் காய்ச்சுவதும் சிம்போபோகான் ஃபிளெக்சுவோசஸ் என்ற எலுமிச்சைப்புல் வகை. மலையாளத்தில் இஞ்சிப்புல், தெருவப்புல் என்பார்கள். தண்டு மெலிந்து உயரமாக, செந்நிறம் கலந்து வளரும், பூக்கும். வீட்டுத் தோட்டத்தில், நர்சரியில் கிடைப்பது பெரும்பாலும் சிம்போபோகான் சிட்ரேட்டஸ். அடித்தண்டு வெளுத்துப் பருத்து வெங்காயத்தாள் போல இருக்கும், பூப்பது அபூர்வம். டீக்கும் சமையலுக்கும் இதுதான் வசதி.

சிட்ரோனெல்லாப் புல்லை எலுமிச்சைப்புல் என்று நம்பி நட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இலையைக் கசக்கிப் பாருங்கள். எலுமிச்சைத் தோல் வாசம் நேராக வந்தால் எலுமிச்சைப்புல். இனிப்புக் கலந்த சோப்பு வாசமும் அடித்தண்டில் சிவப்பும் தெரிந்தால் சிட்ரோனெல்லா. அது கொசுவிரட்டிக்கு ஆகும், குடிக்க வேண்டாம்.

பறிக்கும் இடத்தையும் கவனியுங்கள். தேயிலை எஸ்டேட் ஓரம், காந்தளூர் காய்கறித் தோட்ட வரப்பு, ரோட்டோரம் ஆகிய மூன்றிலும் வளர்ந்த புல்லைக் குடிக்க எடுக்காதீர்கள். பக்கத்தில் அடிக்கும் பூச்சிமருந்து காற்றில் வந்து படியும். கழுவினால் முழுவதும் போகாது. இலையில் பழுப்புக் கோடுகளாகத் துருநோய் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். சின்னாறு வனவிலங்கு சரணாலயத்துக்குள் வண்டியை நிறுத்திப் புல் பிடுங்குவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம்.

ஒரு தூர் வாங்கி வீட்டிலேயே நட்டுவிடுவதுதான் நல்ல வழி. பக்கத்து வீட்டில் கேட்டால் சும்மாவே கிடைக்கும். வேரோடு பிரித்த இரண்டு மூன்று கிளைகளை இலையைக் குட்டையாக வெட்டி, நீர் தேங்காத மண்ணில், நல்ல வெயில் படும் இடத்தில் ஜூன் மழையோடு நடுங்கள். மறையூர் மழை மறைவுப் பகுதி என்பதால் முதல் மாதம் தண்ணீர் ஊற்ற வேண்டிவரும். மூன்று மாதத்தில் முதல் அறுப்பு. பிறகு 50, 60 நாளுக்கு ஒருமுறை. தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு அறுங்கள். அடியோடு அறுத்தால் தூர் அழுகிவிடும். இலை விளிம்பு கையை அறுக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

2. எதற்கு உதவும், எதற்கு உதவாது

சாப்பிட்டபின் வயிறு உப்புசம், லேசான சளி, தொண்டைக் கரகரப்பு ஆகியவற்றுக்குச் சூடான எலுமிச்சைப்புல் டீ இதம் தரும். தைலத்தில் 70 முதல் 85 சதவீதம் வரை இருக்கும் சிட்ரால் என்ற பொருளுக்குப் பூஞ்சையையும் சில பாக்டீரியாக்களையும் அடக்கும் குணம் உண்டு. தாய்லாந்தில் செய்த ஒரு சோதனையில் இத்தைலம் சேர்த்த ஹேர் டானிக் பொடுகைக் குறைத்தது. 0.25 சதவீதத் தைலம் சேர்த்த வாய் கொப்பளிப்பானும் இந்தியாவில் சோதித்துப் பயன் கண்டதுதான். இவை இரண்டும் ஆய்வுக்காக அளந்து தயாரித்தவை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் கலக்கி வாயில் ஊற்ற வேண்டாம்.

தூக்கம் வரும், படபடப்பு அடங்கும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. 1986-இல் வெளியான பிரேசில் ஆய்வில் மனிதர்களுக்கு இந்த டீயைக் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கத்திலோ பதற்றத்திலோ மாற்றம் இல்லை. சர்க்கரை, கொழுப்பு, புற்றுநோய் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் பெரும்பாலும் எலியிலும் சோதனைக்குழாயிலும் பார்த்ததை மனிதருக்கு நீட்டிச் சொல்வது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

காய்ச்சலுக்கும் இதே எச்சரிக்கை. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். டெங்குவும் எலிக்காய்ச்சலும் உள்ள ஊர்களில் கஷாயம் குடித்துக்கொண்டு நாலைந்து நாள் காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

3. தொடங்கும் முன் யாரெல்லாம் நிற்க வேண்டும்

கர்ப்பிணிகள்: சமையலில் வாசத்துக்கு ஒரு தண்டு போட்டால் கவலை இல்லை. கஷாயமாகத் தினமும் குடிப்பதும் தைலம் தேய்ப்பதும் வேண்டாம். தைலத்தில் உள்ள பொருள்கள் அதிக அளவில் கர்ப்பமான எலிகளின் கருவைப் பாதித்திருக்கின்றன. பாலூட்டுகிறவர்களும் மருந்தளவில் எடுக்காமல் இருப்பது நல்லது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்: உலர்ந்த இலைத்தூள் 2 முதல் 8 கிராம் வரை தினமும் 30 நாள் கஷாயமாகக் குடித்தவர்களிடம் சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம் குறைந்ததை ஒரு மனித ஆய்வு பதிவு செய்திருக்கிறது. ஆரோக்கியமானவர்களிடமே இப்படி என்றால், ஏற்கெனவே ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியவர்கள் தொடவே வேண்டாம். மற்றவர்களும் மாதக்கணக்கில் தொடர்ந்து குடிக்காமல் இடைவெளி விட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள்: புல்லும் அதே திசையில் லேசாக வேலை செய்யக்கூடும். மயக்கம், தலைசுற்றல் வரலாம். கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தைல ஆவியைத் தவிர்க்கவும். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் இதைக் குடிப்பதைச் சொல்லியாக வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, கடைசியாக எடுத்த கிரியாட்டினின், சர்க்கரை ரிப்போர்ட், நீங்கள் குடிக்கும் அளவு எழுதிய ஒரு தாள். ‘ஏதோ பச்சிலை குடிக்கிறேன்’ என்றால் அவரால் எதுவும் சொல்ல முடியாது. ‘தினமும் 5 கிராம் பச்சை இலை, ஒரு டம்ளர், இரண்டு வாரமாக’ என்று சொன்னால்தான் பதில் கிடைக்கும். எல்லையில் பலருக்கு மாத்திரை உடுமலையில், ரத்தப் பரிசோதனை மூணாறில் என்று பிரிந்து கிடக்கிறது. இரண்டு பக்கச் சீட்டையும் ஒரே கவரில் வையுங்கள்.

4. டீ போடும் முறை

பச்சை இலை என்றால் 5 கிராம், உலர்ந்தது என்றால் 1 முதல் 2 கிராம், தண்ணீர் 200 மில்லி. முதல் சில நாள் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், பிறகு கை பழகிவிடும். இலையைக் கழுவி இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, கொதித்த தண்ணீரை ஊற்றி, மூடி வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள்.

மூடியைத் திறந்துபோட்டுப் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுவது எல்லோரும் செய்யும் தப்பு. வாசம் வீடு முழுக்கப் பரவும், டம்ளரில் ஒன்றும் மிஞ்சாது. சுக்கு, மிளகு சேர்ப்பதானால் அவற்றை முதலில் தனியாகக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்தபின் புல்லைப் போடுங்கள். மறையூர் சர்க்கரை (வெல்லம்) சேர்க்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு அதுவும் சர்க்கரைதான். வடிகட்டும்போது டீ வடிகட்டியை நம்பாமல் துணியில் வடியுங்கள். புல்லின் நார் கூர்மையானது, தொண்டையில் குத்தும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு டம்ளர். இரண்டு வாரம் குடித்தால் ஒரு வாரமாவது விடுங்கள். வயிறு எரிந்தால், வாய் உலர்ந்தால், அடிக்கடி சிறுநீர் போனால், உடம்பில் தடிப்பு வந்தால் அன்றே நிறுத்துங்கள். சிறு குழந்தைகளுக்கு மருந்தாகக் கொடுக்க வேண்டாம்.

உலர்த்தி வைப்பவர்கள் நிழலில் காற்றோட்டமாக மூன்று முதல் ஐந்து நாள், ஒடித்தால் படக்கென்று ஒடியும் வரை உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் தைலம் பறந்துவிடும். அரைகுறையாகக் காய்ந்ததை டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். சாம்பல் நிறமோ ஈரவாசமோ தெரிந்தால் முழு டப்பாவையும் கொட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

5. தைலம் வாங்கும் முறை

விலை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க மறுபடி அதே கணக்குதான். 100 மில்லி தைலத்துக்கு 20 கிலோவுக்கு மேல் பச்சைப் புல் வேண்டும். அதோடு அறுப்புக் கூலி, ஒருநாள் வாட்டல், மூன்று நான்கு மணி நேரம் எரிக்கும் விறகு. இத்தனையும் போட்டவர் அரை லிட்டரைத் தூக்கி விலை குறைத்துத் தர மாட்டார். மிக மலிவாகக் கிடைப்பது டர்பன்டைன், மண்ணெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய் கலந்ததாக இருக்கும். தரை துடைக்கும் கலவையும் ‘புல்தைலம்’ என்ற அதே பெயரில் விற்கிறது. அதில் சோப்பும் ரசாயனமும் இருக்கும், உடம்பில் படக்கூடாது.

நீங்களே செய்யக்கூடிய இரண்டு சோதனை உண்டு. ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் விட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்காகத் தாள் கண்ணாடி போலத் தெரிந்தால் சமையல் எண்ணெய் கலந்தது. நல்ல தைலம் ஏறக்குறைய முழுதும் ஆவியாகிவிடும். இன்னொரு சொட்டை ஒரு கிளாஸ் தண்ணீரில் விடுங்கள். மேலே மிதந்தால் சரி, பாலாகக் கரைந்தால் தரை துடைப்பான். டர்பன்டைன் கலப்படத்தை இவை இரண்டும் காட்டாது. அதற்கு ஜி.சி. (கேஸ் குரோமட்டோகிராபி, தைலத்தில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் ஆய்வகச் சோதனை) பரிசோதனை அறிக்கை கேளுங்கள். நிறைய வாங்குகிறவர் கேட்டால் நேர்மையான விற்பனையாளர் தருவார், அதில் சிட்ரால் சதவீதம் இருக்கும். பெரும்பாவூர் அருகே ஓடக்காலியில் 1951-இல் எலுமிச்சைப்புல் ஆராய்ச்சிக்காகவே தொடங்கிய நிலையம் இன்று கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. ‘சுகந்தி’ என்ற ஓ.டி. 19 ரகம் அங்கிருந்து வந்ததுதான். நாற்று வாங்கிப் பயிரிட நினைப்பவர்கள் அந்த ரகத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஒரே அளவுப் பாட்டிலில் யூக்கலிப்டஸ் தைலமும் விண்டர்கிரீன் தைலமும் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள். விண்டர்கிரீன் முழுக்க முழுக்க ஆஸ்பிரின் வகைப் பொருள். ஒரு டீஸ்பூன் குடித்தால் குழந்தை பிழைப்பது கடினம். லேபிள் இல்லாத எந்தப் பாட்டிலையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பில் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். மறையூரில் சந்தனக் கடத்தலைத் தடுக்க வண்டிச் சோதனை கடுமை. சின்னாறிலும் தமிழ்நாட்டுப் பக்கம் ஒன்பதாறு சோதனைச்சாவடியிலும் பையைத் திறந்து பார்ப்பார்கள். வீட்டு உபயோகத்துக்கு ஒன்றிரண்டு பாட்டில், கையில் பில் என்றால் பேச்சு நீளாது. கேன் கணக்கில் எடுத்துப் போகிறவர்கள் பயிரிட்ட புல்லா, காட்டுப் புல்லா என்று காட்டும் காகிதம் வைத்திருக்க வேண்டும். காட்டில் சேகரித்தது வன விளைபொருள். அதற்கு வனத்துறையின் அனுமதிச் சீட்டைப் புறப்படும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

6. தோலில் தேய்க்க அளவு

தைலத்தை அப்படியே தோலில் தேய்க்கக்கூடாது. சிட்ரால் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒருமுறை உண்டானால் வாழ்நாள் முழுக்க இருக்கும். பாதுகாப்பான உச்ச அளவு 0.7 சதவீதம். அதாவது,

30 மில்லி தேங்காயெண்ணெய்க்கு 4 சொட்டு,
50 மில்லிக்கு 7 சொட்டு,
100 மில்லிக்கு 14 சொட்டு.

20 சொட்டு ஒரு மில்லி என்பது இந்தக் கணக்கு. பாட்டில் வாய் பெரிதாக இருந்தால் சொட்டும் பெரிதாகும். மெடிக்கல் ஷாப்பில் ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்ச் சில ரூபாய்தான், அதில் அளப்பது உத்தமம். 100 மில்லிக்கு 0.7 மில்லி.

கலந்ததை முழங்கைக்குள் ஒரு நாணய அளவு தடவி 48 மணி நேரம் பொறுங்கள். ஒவ்வாமை உடனே தெரியாது, மறுநாள்தான் சிவக்கும். ஒரு மணி நேரத்தில் ஒன்றும் இல்லை என்று முதுகு முழுக்கத் தேய்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முகம், கண்ணோரம், காயம், அந்தரங்கப் பகுதி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை ஆகிய எதிலும் தேய்க்காதீர்கள். கொசுவுக்குத் தடவினால் ஒன்று இரண்டு மணி நேரத்தில் பறந்துவிடும். டெங்கு சமயத்தில் இதை மட்டும் நம்பாமல் வலை கட்டுங்கள்.

ஆவி பிடிக்கத் தைலம் வேண்டாம். கண் எரியும், மூச்சுக்குழாய் சுருங்கும். கைப்பிடி இலையைப் போட்டு ஆவி பிடித்தால் போதும், பாத்திரம் மேசைமேல் அசையாமல் இருக்க வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆவி பிடிக்காதீர்கள். வெந்நீர் கொட்டி வெந்துபோவதுதான் இதில் வரும் பெரிய விபத்து.

தரை துடைக்க: தைலம் தண்ணீரில் கலக்காது. ஒரு டீஸ்பூன் தைலத்தை இரண்டு மேசைக்கரண்டி சோப்புத் திரவத்தில் முதலில் கலந்து, பிறகு 10 லிட்டர் வாளியில் ஊற்றுங்கள். நேரடியாக ஊற்றினால் மேலே மிதந்து ஒரே இடத்தில் திட்டாகப் படியும், வெறுங்காலில் மிதிப்பவருக்கு எரியும். நாய், பூனைக்கு இந்தப் புல்லும் தைலமும் ஆகாது. தரை காயும்வரை வெளியே விடுங்கள்.

7. பாதுகாத்து வைக்க

கருப்பு அல்லது பழுப்புக் கண்ணாடிப் பாட்டில். பிளாஸ்டிக்கை இது அரிக்கும். டிராப்பர் ரப்பரையும் இளக்கும், எனவே டிராப்பரைப் பாட்டிலில் மாட்டியபடி வைக்காதீர்கள். திறந்த தேதியை லேபிளில் எழுதி, ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள். பழசானால் கெட்டியாகி எலுமிச்சை வாசம் போய் டர்பன்டைன் நெடி வரும். அப்படிப் பழசானது தோலை இன்னும் அதிகமாகப் புண்ணாக்கும். அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். ஜூஸ் பாட்டில், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது குழந்தை இருக்கும் வீட்டில் மன்னிக்க முடியாத தவறு.

8. விபத்து நேர்ந்தால்

தைலத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத்தண்ணீர் கொடுக்காதீர்கள், தொண்டையில் விரல் விடாதீர்கள். வாந்தி வரும்போது தைலம் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா போல மூச்சு முட்டும். குடித்ததைவிட இதுவே மோசம். வாயைத் துடைத்துவிட்டு உடனே 108-க்குச் சொல்லுங்கள். டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் வழி சொல்லும். மறையூரிலிருந்து மூணாறுக்கும் உடுமலைக்கும் மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் புறப்பட்டுவிடுங்கள். பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று டாக்டர் பார்ப்பார்.

கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, பிறகு கண் டாக்டர். தோலில் கொட்டினால் தைலம் தண்ணீரில் போகாது. சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பால் கழுவுங்கள்.

9. விற்க நினைத்தால்

உலர்ந்த இலையை டீயாக விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். வீட்டளவில் சிறிதாகச் செய்பவருக்கு அடிப்படைப் பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் படிவம் ஏ. போட்டோ, அடையாள அட்டை, இடத்துக்கான ஆதாரம் தயாராக வையுங்கள். ஏழு நாளுக்குள் பதிவு தர வேண்டும் அல்லது ஆய்வுக்கு வருவதாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. தயாரிக்கும் இடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தில் விண்ணப்பியுங்கள். வீடு கேரளத்தில், ஆதார் முகவரி தமிழ்நாட்டில் என்றிருப்பவர்கள் வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ இணைக்காமல் அனுப்பினால் விண்ணப்பம் திரும்பி வரும். வந்த 14 இலக்க எண்ணை பாக்கெட்டில் அச்சிட வேண்டும்.

பாக்கெட்டில் ‘சளி தீரும்’ என்று எழுதிய நொடியில் அது மருந்தாகிவிடும். அதற்கு 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டப்படி ஆயுஷ் தயாரிப்பு உரிமம் வேண்டும். தனிக் கட்டடம், தகுதி பெற்ற ஆள், நல்ல உற்பத்தி நெறி எல்லாம் கேட்பார்கள், வீட்டுச் சமையலறையில் நடக்காது. ‘சர்க்கரை நோய் குணமாகும்’ என்றால் 1954-ஆம் ஆண்டின் மாய வைத்திய விளம்பரச் சட்டத்திலும் சிக்குவீர்கள். உரிமம் இருந்தாலும் அந்த வாசகத்துக்கு அனுமதி கிடையாது. பெயர், எடை, பொட்டலமிட்ட தேதி, முகவரி, காலாவதி தேதி, பதிவு எண், அதோடு ‘கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தவும்’ என்ற ஒரு வரி. டீ பாக்கெட்டில் இவற்றையாவது எழுதுங்கள்.